பெப்சி போனதும் டெலினார் போனதும் ஒன்றா?

சர்வாதிகார நாட்டில் தொழில்நுட்பக் கம்பெனிகள் கடை போடலாமா என்று பேச்செடுத்தால் இங்கே வகுப்பில் எல்லோரும் நேராகச் சீனாவுக்குப் போய்விடுகிறார்கள். யாஹூ மின்னஞ்சல் விவரங்களைக் கொடுத்ததால் ஷி தாவ் என்ற பத்திரிகையாளருக்கு 2005-ல் பத்து வருஷம் சிறை. கூகுள் 2006-ல் தணிக்கை செய்யப்பட்ட தேடுபொறியோடு உள்ளே போய், 2010-ல் வெளியே வந்தது. இந்த ரெண்டு கதையை வைத்தே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். கடைசியில் ஒருத்தர் "போகாமலே இருந்திருக்கலாம்" என்பார், இன்னொருத்தர் "உள்ளே போனால்தானே மாற்றம் வரும்" என்பார். அவ்வளவுதான், எல்லோரும் காபி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

எனக்கென்னவோ இந்தக் கேள்விக்குச் சரியான ஊர் பெய்ஜிங் இல்லை, ரங்கூன்தான் என்று படுகிறது. (யாங்கோன் என்று எழுதணும்தான். 1989-ல் ராணுவ அரசு மாற்றிய பெயர் அது. நம்ம ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்னும் ரங்கூன், பர்மா தான். நானும் ரெண்டையும் கலந்துதான் எழுதப்போகிறேன், கண்டுக்காதீங்க.) கம்பெனிகள் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது மூன்றும் அங்கே ஒரே தலைமுறைக்குள் நடந்திருக்கிறது.

1996-லிருந்து ஆரம்பிக்கிறேன். லியோ நிக்கோல்ஸ் என்று ஒருவர். 65 வயது ரங்கூன்காரர், ஆங் சான் சூச்சிக்கு நெருங்கிய நண்பர். நார்வே, டென்மார்க், பின்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளுக்குக் கௌரவத் தூதராக இருந்தவர். அவரைப் பிடித்து மூன்று வருஷம் உள்ளே போட்டார்கள். என்ன குற்றம்? வீட்டில் அனுமதி வாங்காமல் ரெண்டு ஃபேக்ஸ் மெஷினும் ஒரு டெலிபோன் ஸ்விட்ச்போர்டும் வைத்திருந்தாராம். தண்டனை கொடுத்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை, ஜூன் 22 அன்று கைதியாகவே செத்துப்போனார். நார்வேயை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் வரும்.

அதே வருஷம் செப்டம்பரில் ஒரு கம்ப்யூட்டர் சட்டம் வந்தது. அரசாங்க அனுமதி இல்லாமல் மோடம் மாதிரியான கருவி வைத்திருந்தால் 7 முதல் 15 வருஷம் வரை சிறை. மோடத்துக்கு! கொலைக்குக் கொடுக்கிற மாதிரி.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் மாணவர்கள் பர்மாவுக்காகக் கிளம்பியிருந்தார்கள். மாசாசூசெட்ஸ் மாநிலம் 1996 ஜூனில் ஒரு சட்டம் போட்டது. பர்மாவில் தொழில் செய்கிற கம்பெனியிடம் மாநில அரசு ஏதாவது வாங்குவதானால், அந்தக் கம்பெனி கொடுக்கும் விலையோடு பத்து சதவீதம் கூட்டிவைத்துத்தான் மற்றவர்களோடு ஒப்பிட வேண்டும். அரசு அலுவலகங்களுக்கு கம்ப்யூட்டர் விற்பவர்களுக்கு இது நேரடி அடி. ஆப்பிள், மோட்டோரோலா, ஹியூலட் பேக்கார்ட் மூவரும் அந்த வருஷமே பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். (அந்தச் சட்டம் செல்லாது என்று 2000-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அது தனிக் கதை.) பெப்சி முதலில் தன் பங்கை விற்றுவிட்டு பாட்டிலில் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்தது. மாணவர்கள் விடவில்லை. 1997 ஜனவரியில் மொத்தமாகக் கையைக் கழுவியது.

அந்தக் காலத்து நியாயம் இப்படி: உங்கள் பணம் ராணுவத்துக்குப் போகிறது, அதனால் வெளியே வா. வந்துவிட்டால் கை சுத்தம். பெப்சி விஷயத்தில் அது கிட்டத்தட்ட சரிதான் என்று நினைக்கிறேன். பெப்சி விட்டுப்போனது என்ன? ஒரு பாட்டில் தொழிற்சாலை, ஒரு உள்ளூர்ப் பங்காளி, கொஞ்சம் விளம்பரப் பலகை. ரங்கூனில் யார் யார் எத்தனை மணிக்கு யாரோடு உட்கார்ந்து பெப்சி குடித்தார்கள் என்ற பட்டியல் பெப்சியிடம் கிடையாது.

அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் பெரிய மேற்கத்தியக் கம்பெனிகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போகவில்லை. அதனால் ராணுவத்துக்குத் தொழில்நுட்பம் கிடைக்காமல் போய்விட்டதா? அதான் இல்லை. அமெரிக்காவின் ஃபோர்ட்டிநெட் கம்பெனியின் வடிகட்டி அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று 2005-ல் ஓப்பன்நெட் இனிஷியேட்டிவ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 2011-ல் ப்ளூ கோட் கருவிகளும் அகப்பட்டன. கிடைக்காமல் போனது ஜனங்களுக்குத்தான். ஒரு சிம் கார்டு ஆயிரம் டாலர், ரெண்டாயிரம் டாலர் என்று கருப்புச் சந்தையில் விற்ற ஊர் அது. ஒரு சிம் வாங்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கணும்.

இந்தக் காலகட்டத்தில் நாம் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒருத்தர் நே போன் லாட். நம்மை மாதிரி வலைப்பதிவர். ரங்கூனில் இன்டர்நெட் கஃபே வைத்திருந்தார். 2007 செப்டம்பரில் புத்த பிட்சுகள் தெருவில் இறங்கிய போது சூலே பகோடா பக்கத்தில் கெஞ்சி நாகாய் என்ற ஜப்பானியப் பத்திரிகையாளரைச் சிப்பாய் சுட்டுக் கொன்ற படம் உலகம் முழுக்கப் போனது. அதற்கப்புறம் நாட்டின் இணையத்தையே மொத்தமாகப் பிடுங்கிப்போட்டார்கள். படங்களும் செய்திகளும் வெளியே போன வழியில் பதிவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. 2008 ஜனவரியில் நே போன் லாட்டைக் கைது செய்தார்கள். அவருடைய மின்னஞ்சலில் தளபதி தான் ஷ்வேயைக் கேலி செய்யும் கார்ட்டூன் ஒன்று இருந்ததாம். நவம்பரில் தீர்ப்பு: 20 வருஷம் 6 மாசம். அப்போது நம்ம பக்கத்தில் நாமெல்லாம் எந்தத் திரட்டியில் எவன் எவனுக்கு எதிர்ப்பதிவு போட்டான் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் :-) 2012 ஜனவரியில்தான் அவர் வெளியே வந்தார்.

2012, 2013 அங்கே ஒரு விடியல் மாதிரி. கைதிகள் விடுதலை, பத்திரிகைத் தணிக்கை ரத்து, சூச்சி நாடாளுமன்ற உறுப்பினர், 2012 ஜூனில் ஆஸ்லோவுக்குப் போய் 1991-ல் கிடைத்த நோபல் பரிசுக்கு உரை. பெப்சியும் திரும்பி வந்தது. 2013 ஏப்ரலில் அரசு டெலிபோன் நிறுவனம் 1500 சாட்டுக்கு (அப்போது ரெண்டு டாலருக்கும் கீழே) சிம் தரப்போவதாகச் சொல்லி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியாமல் குலுக்கல் போட்டது. ஜூன் மாசம் ரெண்டு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு உரிமம் முடிவானது. தொண்ணூறுக்கு மேல் போட்டி போட்டதில் ஜெயித்தது கத்தார் நாட்டு ஊரிடூவும் நார்வே நாட்டு டெலினாரும்.

டெலினாரில் பாதிக்கு மேல் பங்கு நார்வே அரசுடையது. நோபல் அமைதிப் பரிசு கொடுக்கிற நாடு. பர்மிய எதிர்ப்பாளர்களின் வானொலி 1992-லிருந்து ஒலிபரப்பானது ஆஸ்லோவிலிருந்துதான். ஃபேக்ஸ் மெஷினுக்காகச் செத்த லியோ நிக்கோல்ஸ் அவர்களுடைய கௌரவத் தூதர்தான். அதனால் 2014 செப்டம்பரில் டெலினார் கடையைத் திறந்தபோது ஜனங்கள் அதை இன்னொரு கம்பெனியாக மட்டும் பார்க்கவில்லை. ராணுவம் கைவைக்காத கம்பெனி, நல்ல நாட்டுக் கம்பெனி. 2018-ல் நான்காவதாக மைடெல் வந்தது. அதில் வியட்நாம் ராணுவத்தின் வியட்டெல்லுக்கும் பர்மா ராணுவத்தின் நிறுவனத்துக்கும் பங்கு. பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால் டெலினார் சிம் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. "நம்பகமான சிம்" என்பது ஒரு சந்தைப் பொருளாகவே இருந்தது.

சட்டம்? அது கொஞ்சம் போரான விஷயம், ஆனால் எல்லாமே அங்கேதான் இருக்கிறது. 2013 அக்டோபரில் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தின் 75-வது பிரிவு, பாதுகாப்பு என்று காரணம் காட்டி அரசு தகவல்களைக் கேட்டு வாங்கலாம் என்கிறது. 77-வது பிரிவு, அவசரம் என்றால் சேவையை நிறுத்தச் சொல்லலாம் என்கிறது. நீதிபதி என்று ஒருத்தர் நடுவில் கிடையாது. ஒட்டுக்கேட்பதற்கு வரைமுறை பிறகு வரும் என்றார்கள். உரிமம் முடிவாவதற்கு முன்னாலேயே, 2013 மே மாதம், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இதையெல்லாம் எழுதி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் உள்ளே போகாதீர்கள் என்று கம்பெனிகளிடம் சொன்னது. கம்பெனிகள் படித்தன. படித்துவிட்டுப் போனார்கள்.

நடுவில் ஃபேஸ்புக்கைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. அது தனிப் பதிவே போடவேண்டிய சமாச்சாரம், நம் ஆட்களுக்குப் பிடிக்கிற ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். ஃபான்ட்! பர்மியர்கள் ஸாஜி என்ற எழுத்துருவில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அது யூனிகோடு மாதிரி வேஷம் போடும், ஆனால் யூனிகோடு இல்லை. திஸ்கி, பாமினி, டாப் என்று அடித்துக்கொண்டு பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டி ஒட்டிப் படித்த நமக்கு இந்த வலி புரியும். ஆனால் நம் கஷ்டம் கட்டம் கட்டமாகத் தெரிந்ததோடு போச்சு. அங்கே ரோஹிங்கியாக்களைக் கொல்லச் சொல்லி எழுதியதை ஃபேஸ்புக்கின் எந்திரங்களால் சரியாகப் படிக்க முடியவில்லை, பர்மிய மொழி தெரிந்த ஆட்களையும் போதுமான அளவு வைக்கவில்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். ஒரு வருஷம் கழித்து, 2018 ஆகஸ்டில்தான் தளபதி மின் ஆங் லைங்கை ஃபேஸ்புக் தூக்கியது. அன்றைக்கு நீக்கிய பக்கங்களையும் கணக்குகளையும் பின்தொடர்ந்தவர்கள் கிட்டத்தட்ட 1.2 கோடி பேர்.

"நாங்கள் தொழில்தான் செய்கிறோம், அரசியல் எங்கள் வேலை இல்லை" என்ற வசனம் இந்தக் கதை முழுக்க வரும். வெள்ளைக்காரனைப் பார்த்து நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம். அதே ரங்கூனில் மொகல் தெருவில் கிட்டங்கி வைத்து உட்கார்ந்து அதே வசனத்தை நம்மவர்களும் சொன்னார்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் அடமானச் சட்டமும் கோர்ட்டும் பின்னால் இருந்த தைரியத்தில் செட்டியார்கள் கீழ்ப் பர்மா நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-களின் பெருமந்தத்தில் விவசாயி கட்டமுடியாமல் போக, 1937 வாக்கில் முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் சுமார் கால் பங்கு செட்டியார் கையில் நின்றது. வட்டி வாங்கினது தப்பு என்று நான் சொல்லவரவில்லை, அவர்கள் போடாவிட்டால் அந்த வயல்களில் பாதி வயலே ஆகியிருக்காது. ஆனால் யாருடைய சட்டத்தின் கீழே தொழில் செய்கிறாயோ அதில் உனக்கும் பங்கு உண்டு என்று பர்மியர்கள் நினைத்ததில் என்ன ஆச்சரியம்? 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லோரும் ஓடினார்கள். நிலம் அங்கேயே நின்றது. அப்புறம் அது அரசாங்கத்துக்குப் போனது.

சரி, டெலினாருக்கு வருவோம்.

முதல் ஒத்திகை 2019 ஜூன் 21. ரக்கைன், சின் மாநிலங்களில் ஒன்பது வட்டங்களில் மொபைல் இணையத்தை நிறுத்தச் சொல்லி 77-வது பிரிவின் கீழே உத்தரவு. கவனிக்கணும், அப்போது ஆட்சியில் இருந்தது சூச்சியின் கட்சி. டெலினார் நிறுத்தியது, ஆனால் "எங்களுக்கு இப்படி உத்தரவு வந்திருக்கிறது" என்று வெளியே சொன்னது. சில இடங்களில் ஒரு வருஷத்துக்கும் மேல் இணையம் இல்லை. ரங்கூன் நகரத்தில் அதைப் பற்றி அதிகம் யாரும் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

2021 பிப்ரவரி 1 அதிகாலையில் ரங்கூனுக்கே வந்துவிட்டது. ஆட்சிக் கவிழ்ப்பு. 4-ம் தேதி ஃபேஸ்புக்கைத் தடுக்க உத்தரவு, மறுநாள் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும், அதற்கு மறுநாள் இணையம் மொத்தமாக. இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வீடு தட்டு, பானை, சட்டி தட்டினார்கள். ஹ்லெடான் சந்திப்பில் கூட்டம். மைடெல் சிம்மை ஒடித்துப்போட்டார்கள். டெலினார் தினமும் தனக்கு வந்த உத்தரவுகளை வலைத்தளத்தில் போட்டுக்கொண்டிருந்தது. பிப்ரவரி 14 அன்று, இனிமேல் வெளியிட முடியாத நிலை என்று ஒரு வரி போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. இந்தக் கதையில் என்னை ரொம்ப உலுக்கியது அந்த ஒரு வரிதான். கம்பெனி அங்கேதான் இருக்கிறது, கோபுரங்கள் வேலை செய்கின்றன, ஆனால் அது வந்ததற்கான காரணம் என்று எதைச் சொன்னதோ அது அன்றைக்கு முடிந்துபோனது. மார்ச்சில் மொபைல் டேட்டாவே நின்றது. சிப்பாய்கள் தெருவில் நிறுத்தி போனை வாங்கி நோண்டினார்கள்.

ஜூலை 8-ம் தேதி டெலினார் மொத்தத்தையும் விற்பதாக அறிவித்தது. விலை 10.5 கோடி டாலர். வாங்குபவர் லெபனானின் எம்1 குழுமம், நஜீப் மிகாத்தி குடும்பத்துடையது. (ரெண்டு மாசத்தில் அவர் லெபனான் பிரதமரும் ஆனார்.) சிரியா, சூடான் மாதிரி நாடுகளில் போன் தொழில் செய்து பழகிய கை. பர்மாவின் 474 அமைப்புகள் சேர்ந்து அந்த மாதமே நார்வேயில் ஓ.இ.சி.டி. வழிகாட்டுதல்களின் கீழே புகார் கொடுத்தன. செப்டம்பரில் டெலினார் காரணத்தைச் சொன்னது: ஒட்டுக்கேட்கும் கருவியை இயக்கச் சொல்லி நெருக்குகிறார்கள், அதைச் செய்தால் ஐரோப்பியத் தடையை மீறியதாகும், அதனால் போகிறோம்.

நியாயமான காரணம் மாதிரிதான் இருக்கிறது இல்லையா? ஒட்டுக்கேட்க மாட்டேன் என்று போகிறான். ஆனால் போகும்போது எதைக் கொடுத்துவிட்டுப் போகிறான் என்று பாருங்கள். 1.8 கோடி வாடிக்கையாளர்கள். ஒவ்வொருத்தரும் அடையாள அட்டை காட்டிப் பதிந்த சிம். யார் யாரை எப்போது கூப்பிட்டார், எந்தக் கோபுரத்தின் கீழே நின்று கூப்பிட்டார் என்ற பதிவு. ராணுவ அரசு எம்1 மட்டும் போதாது, உள்ளூர்ப் பங்காளி வேண்டும் என்றது. ஷ்வே பியாய்ன் பியூ என்ற பெட்ரோல், ரத்தினக்கல் வியாபாரக் குழுமம் வந்தது. 2022 மார்ச் 25 அன்று விற்பனை முடிந்தபோது 80 சதவீதம் அவர்களிடம். ராணுவத்தோடு உள்ள தொடர்புக்காக அந்தக் குழுமத்தின் மேல் அமெரிக்கா 2024 ஜனவரியில் தடை போட்டது.

எது மாதிரியான அரசிடம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2022 ஜூலையில் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். அதில் ஒருவர் பியோ சேயா தாவ், ரங்கூனின் முதல் ஹிப்ஹாப் குழுவில் பாடியவர், சூச்சி கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்.

டெலினார் தரப்பையும் சொல்லணும். உத்தரவை மீறினால் எங்கள் ஊழியர்கள் உயிருக்கு ஆபத்து, தகவல்களை அழித்தாலும் அதே கதி என்றார்கள். இதை நான் சாக்கு என்று தள்ளமாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பர்மியர்கள். ஆஸ்லோவில் உட்கார்ந்துகொண்டு "மீறு" என்று உத்தரவு போடுவது சுலபம், இன்சீன் சிறைக்குப் போவது ரங்கூன் இன்ஜினியர். 2021-க்கு வந்துவிட்ட பிறகு நல்ல வழி என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் தப்பு, போனாலும் தப்பு, மீறினாலும் யாரோ சாகிறார்கள்.

அப்படியானால் போனதே தப்பா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரெண்டாயிரம் டாலர் சிம் ரெண்டு டாலருக்கு இறங்கியது சின்ன விஷயமில்லை. நே போன் லாட் காலத்தில் ஒரு கஃபேயில் ஒளிந்து ஒளிந்து அனுப்பிய படங்களை 2021-ல் சைக்கிள் ரிக்‌ஷாக்காரரும் அனுப்பினார். அந்தப் போன்கள் இல்லையென்றால் அந்த எதிர்ப்பே வேறு மாதிரி இருந்திருக்கும்.

நான் குறை சொல்வது நடுவில் உள்ள ஏழு வருஷத்தை. 2014-லிருந்து 2021 வரை. ராணுவம் எங்கேயும் போய்விடவில்லை, அரசியல் சட்டப்படியே நாடாளுமன்றத்தில் கால் பங்கு இடம் அவர்களுக்கு, உள்துறை அவர்களிடம். சட்டத்தில் 75-ம் 77-ம் அப்படியே. இந்த நிலையில் ஒரு போன் கம்பெனி கேட்டிருக்க வேண்டிய கேள்வி "நாளைக்கு நாம் போகவேண்டி வந்தால் இங்கே எது கிடக்கும்?" என்பது. எந்தப் பதிவை எத்தனை நாள் வைத்திருக்கிறோம்? பில்லுக்குத் தேவையில்லாததை அன்றன்றே அழிக்க முடியுமா? உரிமத்தில் அதற்கு இடம் கேட்டார்களா? ரோஹிங்கியா விஷயம் நடந்தபோதாவது? ரக்கைனில் இணையத்தை வெட்டச் சொன்னபோதாவது? ஆட்சி கவிழ்ந்த பிறகு அழித்தால் அது நாசவேலை. 2016-ல் அழித்திருந்தால் அது வெறும் அலுவலக வழக்கம். யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பெப்சி காலத்து மாணவர்கள் கேட்ட "எப்போது வெளியே வருகிறாய்" என்ற கேள்வி பாட்டிலுக்குச் சரி. சிம்முக்கு அதை உள்ளே போகிற அன்றைக்கே கேட்டு, பதிலை எழுதி வாங்கியிருக்கணும்.

ஊரிடூவும் 2022 செப்டம்பரில் விற்பதாக அறிவித்து, 2024-ல் கிளம்பிப் போனது. அதற்கு அவ்வளவு சத்தம் எழவில்லை. கத்தாரிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை போல. 2025 ஜனவரியில் வந்த சைபர் பாதுகாப்புச் சட்டத்தில் அனுமதி இல்லாத வி.பி.என். சேவைக்கும் சிறை. ஃபேக்ஸ், மோடம், இப்போது வி.பி.என்.

2022 ஜூனில் ரங்கூன் கடைகளில் டெலினார் பலகைகளை இறக்கிவிட்டு ஆட்டம் என்று புதுப் பெயரை மாட்டினார்கள். வாடிக்கையாளர்கள் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, பழைய சிம்மும் பழைய எண்ணும் அப்படியே வேலை செய்தன. நார்வேயில் அந்தப் பழைய வாடிக்கையாளர்கள் சார்பாக டெலினார் மேல் 2025-ல் சட்ட நடவடிக்கை ஆரம்பித்திருக்கிறார்கள். கேட்பது நஷ்ட ஈடு. தகவல் போனது போனதுதான், அதைத் திரும்பக் கொடு என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது.